யார் வீட்டுச் சோறு?

கொம்பையாவைக் கொம்பையாவே அறைந்தான்.

ரோட்டோர டீக்கடையில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. அவனுடைய இடது கை தானாக எழும்பியது, வலது கன்னத்தில் 'பளார்' என்று இறங்கியது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டம்ளரில் இருந்த டீ, பாதி அவன் சட்டையில், பாதி பக்கத்துப் பெஞ்சுக்காரர் வேட்டியில்.

"எதுக்குட்டி அடிச்ச?" என்றான்.

காலரில் குத்தியிருந்த, சட்டைப் பித்தான் அளவு ஸ்பீக்கர் கரகரத்தது. பெண் குரல். "பீடி குடிக்காதேன்னு எத்தன தடவ சொல்லுதது? நானும் இந்த மூக்காலதானலே மோந்து தொலைக்கேன்."

"செத்தவளுக்கு எதுக்குட்டி மூக்கு?"

"கொன்னவனுக்கு எதுக்குலே பீடி?"

பெஞ்சுக்காரர் ஈர வேட்டியோடு எழுந்து ஓடினார். டீக்கடைக்காரர் கல்லாவுக்கு மேலே தொங்கிய எலுமிச்சம்பழத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கொம்பையா, நாளையிலேருந்து ஒனக்குப் பார்சல்தான், பாத்துக்க. பேயோட வந்தா யாவாரம் படுக்குது."

"யாரப் பாத்துவே பேய்ங்கீரு?" என்றது ஸ்பீக்கர். டீக்கடைக்காரர் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

பேய் இல்லை. பெயர் இசக்கி. ஒரு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரிக்கு முன்னும் பின்னும் போலீஸ் ஜீப் போகிற காலம் அது. கொம்பையாவும் தண்ணீர் லாரிதான். ஆனால் எதிர்க் கம்பெனி. ஒரு நாள் இவன் அவள் லாரியின் வால்வைத் திறந்துவிட்டான். ஒரு லோடு குடிதண்ணீர் ரோட்டில் ஓடியது. அவள் பதிலுக்கு மத்தியான நேரம் இவன் லாரி ஷெட்டுக்குள் புகுந்து இவன் லாரியைக் கொளுத்தினாள். கேபினுக்குள் இவனுடைய அண்ணன் செல்லையா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொம்பையா இன்னொரு லாரியை எடுத்துக்கொண்டு போய், எட்டயபுரம் ரோட்டு வளைவில் இசக்கியின் லாரியை ஓரமாக நெருக்கினான். லாரி உருண்டது. இசக்கி செத்தாள்.

கோர்ட் கொம்பையாவைத் தூக்கில் போடவில்லை. இசக்கியைத் தூக்கி அவன் தலைக்குள் போட்டது.

அன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தண்டனை அதிகாரி ஜெபராணி மேடம்தான் விளக்கினாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏதோ கேஸ் அடுப்பு மாட்டிக் கொடுப்பவள் போலப் பேசினாள்.

"டிரைவருங்க தூங்காம இருக்க எல்லாருக்கும் காதுக்குப் பின்னால ஒரு சில்லு வச்சிருக்குல்ல? அது மூளைய அப்பப்பப் படி எடுத்து வச்சுக்கும். இசக்கியோட சில்லு உடையல. அத ஒங்க மண்டைல மாட்டியாச்சு. இனிமே அவங்க பார்ப்பாங்க, கேப்பாங்க, பேசுவாங்க. இடது கை அவங்களுக்கு, வலது கை ஒங்களுக்கு."

"இடது கையா?" ஸ்பீக்கரில் இசக்கி பேசிய முதல் வார்த்தை அதுதான். "செத்தும் எனக்குப் பீச்சாங்கையா?"

கொம்பையா மிரண்டுபோய் நாற்காலியிலிருந்து சரிந்தான். ஜெபராணி அசையவில்லை.

"எம்புட்டு நாளைக்கு மேடம் இந்தக் கொடுமை?"

"அவங்க மன்னிக்கற வரைக்கும். அதிகபட்சம் ஒரு வருஷம். அதுக்குள்ள பகை தீரலன்னா ஒங்களுக்கு ஆயுள் சிறை, இந்தச் சில்லு சாட்சிப் பொருள் அறையில பூட்டு."

"நான் இப்பவே மன்னிச்சிட்டேன்னு சொன்னா?" என்றாள் இசக்கி.

"வாய்ல சொன்னா செல்லாதும்மா. எல்லாரும் பொய் மன்னிப்பு சொல்லி கேஸ முடிச்சிட்டாங்க. அதனால இப்ப புது முறை. ஒவ்வொருத்தர் மனசுலயும் 'பகை முடிஞ்சுபோச்சு'ன்னு ஒரு செயல் பதிஞ்சிருக்கும். சில பேருக்குக் கட்டிப்பிடிக்கிறது, சில பேருக்குத் துணி எடுத்துக் குடுக்கறது. ஒங்களுக்கு என்னன்னு தேடிப் பார்த்தோம்." ஜெபராணி கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். "கை நனைக்கிறது."

இசக்கியின் ஊரில் பகையாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள். பகை தீர்ந்தால் முதல் வேலை அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்குப் பெயர் கை நனைப்பது.

"கொம்பையா வீட்ல சமைச்சத, நீங்க மனசார ருசிச்சு ஒரு வாய் சாப்பிட்டா இந்தச் சோதனைப் பொட்டில பச்சை எரியும். கேஸ் முடிஞ்சுது. அவர் வீட்டுக்குப் போகலாம்."

"நானு?"

ஜெபராணி முதன்முறையாகக் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். "செத்தவங்கள நிரந்தரமா வச்சிருக்கச் சட்டம் இல்லம்மா. பகை இருக்கற வரைக்கும் நீங்க சாட்சி. பகை முடிஞ்சா சில்லு தானா அழிஞ்சிடும்."

ஆகக்கூடி, மன்னித்தால் அவள் காலி. மன்னிக்காவிட்டால் அவன் காலி.

"ரொம்ப சந்தோசம்" என்றாள் இசக்கி. "இவன் உள்ள போறதப் பாத்துட்டே நான் அறையில போய்ப் பூட்டிக்கிடுதேன்."

நாக்கு ருசி தனக்கு எட்டாமல் அணைத்துவைக்க அவளால் முடியும். அவன் சாப்பிடும்போதெல்லாம் அணைத்துவிடுவாள். மீன் குழம்பு வாசனைக்கு அவனுக்கு எச்சில் ஊறும். ஸ்பீக்கரில் அவள் "தூ" என்பாள். கோபம் வந்தால் அறைவாள். லாரி ஓட்டும்போது கியரில் அவள் கை இருக்கும், இவன் தப்பாக வளைத்தால் அவள் சரியாக கியர் மாற்றிவிட்டு, "லைசென்ஸ கொறுக்காப்பள்ளி மரத்துல பறிச்சியாலே?" என்பாள். மூன்று மாதத்தில் அவன் லாரி அந்த ரோட்டிலேயே ஒழுங்காக ஓடுகிற லாரியாகிவிட்டது. அதை இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை.

மாதம் ஒரு தடவை அவளை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. முதல் தடவை அம்மா பேச்சித்தாய் வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை மகள் குரல் கேட்டு அழுது, சோறு போட்டாள்.

"எம் மவளுக்குத்தான் சோறு" என்றாள். "அந்த நாசமாப் போறவன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிடச் சொல்லு."

கொம்பையா வலது கையை முதுகில் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். இடது கை சோற்றைப் பிசைந்து அவன் வாயில் திணித்தது. கருவாட்டுக் குழம்பு. அவள் நாக்கைத் திறந்துவிட்டாள். வயிறு நிறைந்தது. ஆனந்தமாக ஓர் ஏப்பம் வந்தது. யாருடைய ஏப்பம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"குழம்பு நல்லாருந்துது அத்த" என்றான், பழக்க தோஷத்தில்.

விளக்குமாறு பறந்து வந்தது.

எப்போது மாறியது என்று கேட்டால் சொல்வது கஷ்டம். ஒரு மத்தியானம், வெட்டவெளியில் லாரியை நிறுத்திவிட்டு டயர் நிழலில் படுத்திருந்தபோது, கொம்பையா திடீரென்று கேட்டான்.

"எங்கண்ணன் உள்ள கெடந்தது ஒனக்குத் தெரியுமாட்டி?"

அவன் இவ்வளவு நாள் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. ஸ்பீக்கரில் காற்று மட்டும் இரைந்தது.

"ஒருதரம் எட்டிப் பாத்தேன்" என்றாள். "சீட்டுக்கு மேல நீளமா என்னமோ கெடந்துது. சுருட்டி வச்ச பாயின்னு நெனச்சேன். இன்னொருதரம் பாத்திருக்கலாம். பாக்கல. கோவம். அம்புட்டுதான். இதுக்கு மேல என்ட்ட கேக்காத."

கொம்பையா எழுந்து கொஞ்ச தூரம் நடந்தான். அவளை விட்டுவிட்டு எங்கே போக? அவளும் கூடவே நடந்தாள். முள்மரத்தடியில் நின்று அழுதான். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்குவதற்குள் இடது கை துடைத்துவிட்டது.

"நான் வளைவுல ஒன்ன இடிக்கையில" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ கண்ணாடி வழியா என்னப் பாத்தே. நானும் பாத்தேன். பிரேக்கு கால்லதான் இருந்துது. அமுக்கல."

"தெரியும்."

"இப்பவாது நாலு திட்டு திட்டுட்டி."

"வரமாட்டேங்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பகை தீர்ந்தால் அவள் செத்துப்போவாள் என்று கொம்பையாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவளைக் கோபத்திலேயே வைத்திருக்க ராப்பகலாகப் பாடுபட்டான். வேண்டுமென்றே பீடி குடித்தான். குளிக்காமல் இருந்தான். தங்கம்மாள் மெஸ் பிரியாணி வாசனையை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தான். அவளோ அவனை ஜெயிலுக்குப் போக விடக்கூடாது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவளாக நடந்தாள்.

"ஏம்ட்டி அடிக்க மாட்டேங்க?"

"நீ ஏம்ல அடிவாங்கவே அலையுத?"

ஊரே பார்த்துச் சிரித்தது. அரசாங்கச் செலவில் ஒருவன் தன்னைத் தானே காதலிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்கிற நிலைமையில் ஜெபராணி போன் செய்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒங்க வீட்டுக்கு வரேன். இலை போட்டு வைங்க. கடைசிச் சோதனை."

அன்று சாயங்காலம் பேச்சித்தாய் வீட்டில் இருவருக்கும் சாப்பாடு. வழக்கம்போல வலது கை முதுகுக்குப் பின்னால். இடது கை அடுத்த உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஏட்டி" என்றான் கொம்பையா. "மாசாமாசம் இங்க வந்து வளைச்சு வளைச்சுத் திங்கியே. சில்லு அழியலையே?"

"கூறுகெட்டவனே, இது எங்க வீடுலே. சொந்த வீட்ல திங்கதுக்குப் பேரு கை நனைக்கிறதா? அடுத்தவன் வீட்ல தின்னாத்தான் அது..."

நிறுத்தினாள். அவனும் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்ப" என்றான் மெதுவாக, "எங்க வீடு ஒனக்குச் சொந்த வீடா ஆயிட்டா?"

"அது எப்பிடி ஆவும்?"

"ஊர்ல மத்த பொம்பளைங்களுக்கு எப்பிடி ஆவுதோ, அப்பிடித்தான்."

பேச்சித்தாய் கையிலிருந்த குழம்புக் கரண்டி தரையில் விழுந்தது.

"எம் மவளக் கொன்னவனுக்கே எம் மவளக் கட்டிக் குடுக்கணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் உள்ளே போய், இசக்கிக்கென்று எப்போதோ வாங்கி வைத்திருந்த பொட்டுத் தாலியை எடுத்து வந்தாள். "ஒனக்காவ இல்லலே. எம்பிள்ள இருக்கணும். ஒன் மண்டைக்குள்ளன்னாலும் இருக்கணும்."

கோயிலில் பூசாரி நெடுநேரம் தாலியையும் கொம்பையாவின் மீசையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பொண்ணு எங்க?"

"இங்கனதான் இருக்கேன் சாமி" என்றது காலர்.

"சரி, யாரு கழுத்துல கட்டணும்?"

"இருக்கறது ஒரே கழுத்து" என்றான் கொம்பையா. "அதுலதான்."

பூசாரி தட்டை அங்கேயே வைத்துவிட்டு, தனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். பேச்சித்தாய் குலவை போட்டாள். கொம்பையா மஞ்சள் கயிற்றைத் தன் கழுத்தில் சுற்றினான். முடிச்சுப் போட ஒரு கை போதாது. வலது கை ஒரு முனையைப் பிடித்தது. இடது கை வந்து மறு முனையைப் பிடித்தது. பிடரியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ரெண்டு கையும் தடவித் தடவி மூன்று முடிச்சுப் போட்டன.

"இறுக்காதலே, மூச்சு முட்டுது" என்றாள் இசக்கி.

"என் கழுத்துட்டி அது."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அவள் குரல் இறங்கிப்போயிற்று. எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம். செல்லையா. கிருதா வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"தாலி கட்டியாச்சு, சரி" என்றாள். "அந்த மனுசன் சுவத்துலேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு. அவரு முன்னால ஒக்காந்து, இது என் வீடு, என் சோறுன்னு எப்பிடி நெனைக்க? பொட்டி பொய்யக் கண்டுபிடிச்சிரும்லே. படத்தக் கழட்டி வைப்பியா?"

"மாட்டேன்."

"கழட்டாத. கழட்டுனா நானே அறைவேன்."

கொம்பையா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "கல்யாணம் முடிஞ்சா செத்தவங்களுக்குப் படையல் போடணும்" என்றான். "அத வீட்டுப் பொம்பளதான் வைக்கணும்."

"கொன்னவ கையாலயா?"

"கொன்னவன் கையால தாலி ஏறலயா?"

வெள்ளிக்கிழமை காலையில் சமையல். ரெண்டு கையும் சேர்ந்து வெங்காயம் உரித்தன. கண் எரிச்சல் பொது. செல்லையாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் ஏறியது. ஆட்டு ஈரல் வறுவல், அவிச்ச முட்டை, மீன் குழம்பு, ஓரத்தில் ஒரு குவார்ட்டர். கடைசியாகக் கொம்பையா தயங்கித் தயங்கி ஒரு பீடிக் கட்டை எடுத்தான்.

"பீடியா?"

"அவருக்கு."

இடது கை ஒரு பீடியை உருவி அவன் உதட்டில் வைத்தது. அவன் தீக்குச்சியை உரச, அவள் பற்றவைத்து, படத்துக்கு முன்னால் விளக்கோரமாக வைத்தாள். இருமல் வந்தது. திட்டவில்லை.

"மூத்தாரே" என்றாள் படத்தைப் பார்த்து, புருஷனின் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில். "பாயின்னு நெனச்சிட்டேன்." இடது கை மட்டும் நெஞ்சுக்கு நேராக எழும்பி, பாதிக் கும்பிடாக, அந்தரத்தில் நின்றது. வலது கை போய் அதோடு சேர்ந்துகொண்டது.

வாசலில் ஜெபராணி எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், பெட்டியைத் திறந்தாள், ஒயரை அவன் காதுக்குப் பின்னால் ஒட்டினாள்.

"பச்சை எரிஞ்சா அவங்க போயிடுவாங்க. சிவப்பு எரிஞ்சா நீங்க என்கூட வரணும். சாப்பிடுங்க."

கொம்பையா காலர் பக்கம் குனிந்தான். "ஏட்டி, பயமா இருக்கு. நாக்க அணச்சிரு. நான் உள்ள போறேன், பரவால்ல. பூட்டுன அறைன்னாலும் நீ இருப்பேல்லா?"

"பேசாம வாயத் தொற" என்றாள் இசக்கி. "மூத்தாருக்கு வச்ச சோறு ஆறுது."

இடது கை பிசைந்தது. ஒரு வாய். ரெண்டு வாய். ஈரல் வறுவலில் ஒரு கை. "உப்பு தூக்கலா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மோர் ஊற்றிக்கொண்டாள், இலையை வழித்தாள். கொம்பையா கண்ணை இறுக மூடியிருந்தான்.

பெட்டி எதுவும் செய்யவில்லை. ஜெபராணி ஒரு தட்டுத் தட்டினாள். திரையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"பகை இல்லைன்னு காட்டுது" என்றாள். "ஆனா கை நனைச்சதா பதிவாகல. அடுத்தவங்க வீட்ல சாப்பிட்ட மாதிரியே இவங்க மூளை நினைக்கல." நிமிர்ந்தாள். சட்டைக் காலருக்குள் மஞ்சள் கயிறு தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். "பகை இல்லாததால ஒங்கள ஜெயில்ல போட முடியாது. கை நனைக்காததால இவங்கள அழிக்க முடியாது. இப்படி ஒண்ணு விதியிலயே இல்ல. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும்."

"பதில் வர எம்புட்டு நாளாவும் மேடம்?"

"கவர்மென்ட்தானே" என்றாள் ஜெபராணி. முதன்முறையாகச் சிரித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சிரிப்பு போய்விட்டது. "கொம்பையா, ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. அந்தக் கை நனைக்கிற சோதனை இன்னும் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. என்னைக்காவது ஒரு நாள், இது நம்ம வீடு இல்லன்னு நெனச்சுக்கிட்டு இவங்க ஒரு வாய் சாப்பிட்டாலும் போதும். சில்லு அழிஞ்சிடும். பார்த்து நடந்துக்குங்க."

ஆறேழு மாதம் பார்த்துத்தான் நடந்துகொண்டான். கதவில் அவள் பெயரை எழுதினான். பீடியை விட்டான். ஜன்னலுக்கு அவள் சொன்ன கலரில் திரை போட்டான். லாரியின் நெற்றியில் 'இசக்கி துணை' என்று எழுதியபோது பெயின்டர் சாமி பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இசக்கி சொன்ன பக்குவத்தில் புளிக்குழம்பு. கொம்பையா முதல் வாயைப் பிசைந்து தூக்கினான். வாசனை பிடித்தான். யோசிக்காமல் சொன்னான். கல்யாணமான எல்லா ஆம்பளைகளும் யோசிக்காமல் சொல்கிற அதே வாக்கியம்.

"எங்க வீட்ல இம்புட்டுப் புளி ஊத்த மாட்டாவ."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. உருண்டை உதட்டுக்கு அரை ஜாண் தூரத்தில் நின்றது.

ஸ்பீக்கர் இரையக்கூட இல்லை.

"இசக்கி..."

"ஏன் நிப்பாட்டிட்ட?" அமைதியான குரல். அவள் கத்தியிருந்தால் தேவலை. "ஒங்க வீட்டுச் சோறுதான. தின்னு."

அவன் உருண்டையைத் தட்டில் வைத்தான். "வாய் தவறிட்டுட்டி. நம்ம வீடு. ஒன் வீடு. கதவுல பாரு, ஒன் பேருல்லா இருக்கு."

"பெயின்ட்ல எழுதுனா ஆச்சா?"

"நீ நம்ம வீடுன்னு ஒருதரம் சொல்லேன்."

"சொல்லி என்னத்துக்கு? வாய்ல சொன்னா செல்லாதுன்னு மேடம் சொன்னாள்லா."

கை காய்ந்தது. சோறு வறண்டது. தெருவில் ஐஸ்காரன் வந்து போனான். கொம்பையா எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சுவரில் செல்லையா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு கூப்பாடு போட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும், ஒரே வயிறு.

கடைசியில் இடது கை தட்டுக்குள் இறங்கியது. குழம்பை ஊற்றிப் பிசைந்தது. உருட்டியது. தூக்கியது.

கொம்பையா வாயை இறுக மூடிக்கொண்டான்.

"தொற."

தலையை ஆட்டினான்.

"தொறலே. எம்புட்டு நாளைக்குப் பட்டினி கெடப்ப?"

"யாரு வீட்டுச் சோறு?" என்றான் பல்லிடுக்கில். "அத மொதல்ல சொல்லு."

"தின்னாத்தான தெரியும்."

அவன் படத்தைப் பார்த்தான். கழுத்துக் கயிற்றை ஒரு தடவை பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான்.

உருண்டை உள்ளே போனது. மென்றான். விழுங்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

"இசக்கி?"

இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் அசையவில்லை.

"ஏட்டி இசக்கி..." குரல் உடைந்தது. "ஏய்..."

'பளார்' என்று விழுந்தது அறை. கன்னமெல்லாம் புளிக்குழம்பு.

"புளி சரியாத்தானலே இருக்கு" என்றாள்.